ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம்

"ஆறாவது சரி, எந்த செக்‌ஷன்?"
கேட்டார் வாட்ச்மேன்.
மழை. அரை நாளில் விட்டுவிட்டார்கள்.
எஸ்தருக்குக் கம்பெனியில் லீவு இல்லை
என்பதால் குடையோடு நான்.

நாற்பதடி கண்டெய்னரின் நம்பர்
பதினோரு எழுத்தும் மனப்பாடம் எனக்கு.
எர்ணாவூர் மேம்பாலத்தில்
எந்த இடத்தில் வண்டி துள்ளும் என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
மகள் ஏ-வா, பி-யா?

அவர் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
தினம் ஒருத்தன் இப்படி வருவான் போல,
நோட்டைத் திருப்பி விரலை ஓட்டினார்.
"பேரு?"
"பெனிட்டா."
"ரெண்டு பெனிட்டா இருக்கே. உங்க பேர் சொல்லுங்க."

என் பேரை வைத்து
அவளைக் கண்டுபிடித்தார் அவர்.

சி.

தண்டையார்பேட்டையில் முழங்கால் தண்ணீர்.
பையைத் தலையில் வைத்துக்கொண்டு
இரண்டடி முன்னால் நடந்தாள்.
தெருமுனையில்தான் திரும்பினாள்:
"அம்மாக்கு என்னாச்சி?"

அன்றிரவு துறைமுக கியூ
எண்ணூர் வரை நின்றது.
முன்வண்டிக்காரன் சீட்டாடக் கூப்பிட்டான். போகவில்லை.
ட்ரிப் ஷீட்டைத் திருப்பி
அவளைப் பற்றித் தெரிந்ததை எழுதினேன்.
நாலு வரி வந்தது.
மூன்று, அவள் தவழ்ந்த காலத்தவை.
நாலாவது: வஞ்சிரம் வறுவல் பிடிக்கும்.

போனில் எஸ்தர் சொன்னாள்,
"அவ மீன் தொட்டே வருசம் ஒண்ணாவுது."
"ஏன்?"
"என்னை ஏன் கேக்குற?"

கேட்டேன்.
செக்போஸ்டில் பேப்பர் கேட்பதுபோல் கேட்டுவிட்டேன்.
"சும்மா" என்றாள்.
பதினாறு வருஷமாக
லாரிகளோடு பேசிய தொண்டை இது.

மறுவாரம் கேட்காமல் இருந்து பார்த்தேன்.
அதைவிடக் கஷ்டம் அது.
தண்ணி லாரிக்குக் குடம் போட்டுவிட்டு
பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.
அவளுடைய சைக்கிள் செயினுக்குக்
கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த ஞாயிறு
அவளாகவே சொன்னாள், செயினைப் பார்த்தபடி:
முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தப்போ
ஒரு பறவை
றெக்கையை விரிக்கப் பார்த்துச்சாம்,
ஒட்டிக்கிச்சாம்,
மறுபடி பார்த்துச்சாம்.

என் கையெல்லாம் கிரீஸ்.
பின்னால் கட்டிக்கொண்டேன் கையை.
'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பது
நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.
"அப்புறம்?" என்றேன்.
அப்புறம் இருந்தது. நிறைய இருந்தது.

பின்பக்கத்தில் இப்போது:
கணக்கு டீச்சரைப் பிடிக்கும், கணக்கு பிடிக்காது.
சிநேகிதி நஸ்ரின்; போன மாசம் சண்டை.
கரண்ட் போனால் பயமில்லை,
வந்தவுடன் பயம். ஏன் என்று தெரியவில்லை.
விசாரிக்கவும்.

திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.
டிசம்பரில் ஒரு ராத்திரி
இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவன்,
தட்டு விழுந்ததற்கு
தெருவே கேட்கக் கத்தினேன்.
விடியும் முன் வண்டி எடுக்கவேண்டும்.
எழுப்பி மன்னிப்புக் கேட்கவா,
தூங்கவிடவா?
பென்சில் பாக்ஸில் ஒரு சீட்டு வைத்தேன்:
தப்பு என்னுது. அப்பா.
பதில் வரவில்லை.
சீட்டை அவள் எறியவும் இல்லை,
எஸ்தர் பார்த்திருக்கிறாள்.

சூப்பர்வைசர் ஒருநாள்
ஷீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.
"என்னய்யா இது, யாரு நஸ்ரின்?"
"லோடு விவரம் சார்" என்றேன்.

ஜூன் வந்தது. ஏழாவது.
"செக்‌ஷன் மாத்திட்டாங்கப்பா."
"எது?"
"நீயே கண்டுபுடி."

சுவரில் ஒட்டிய லிஸ்ட் முன்னால்
லுங்கியும் கம்பெனிச் சட்டையுமாக
அம்மாக்கள் கூட்டத்தில் நிற்கிறேன்.
ஏ-யில் இல்லை.
பி-யில் ஒரு பெனிட்டா. இனிஷியல் வேறே.
பின்னால் எங்கேயோ நின்று
அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
அவசரப்படாமல்
அடுத்த தாளுக்கு விரலை நகர்த்துகிறேன்.